கோடையில் குதிரைச் சவாரி

தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், வடநாட்டு நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு கவலையும் உடன் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மாத காலம் குழந்தைகளை எதில் ஈடுபடுத்துவது என்பதே அக்கவலை. சிலர் பாட்டு வகுப்பில் சேர்க்கிறார்கள். சிலர் நீச்சல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வேறு சிலர் குதிரைச் சவாரிப் பயிற்சியை நாடுகிறார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில், தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ குதிரை ஏறுவது ஜமீன் வாரிசுகளுக்கும் போலீஸ் அதிகாரிகளுக்கும் உரிய காரியமாக இருந்தது. சாதாரணக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை, திருவிழாவில் வரும் குதிரை வாகனத்தைத்தான் அருகில் நின்று பார்த்திருப்பான். இன்று நம் வீட்டுப் பெண்ணும் பிள்ளையும் சேணத்தில் நிமிர்ந்து அமர்ந்து வருவதைக் காணும்போது உள்ளம் பூரிக்கத்தான் செய்கிறது.

ஆனால் இப்பயிற்சி நடைபெறும் காலமோ மே, ஜூன் மாதங்கள்! "இந்த வெயிலில் குழந்தை குதிரை ஏறலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனினும் அது பாதிக் கேள்வி. "இந்த வெயிலில் குதிரை குழந்தையைச் சுமக்கலாமா?" என்பது மறு பாதி. குழந்தை தாகம் என்று சொல்லும்; தலை வலிக்கிறது என்று அழும். குதிரையோ கடிவாளம் காட்டிய வழியில், கால் தள்ளாடும் வரை போய்க்கொண்டே இருக்கும். ஆகவே குதிரையை முதலிலும், ஏறுபவரை அதற்கு அடுத்தும் வைத்துப் பேச எண்ணுகிறோம். குதிரைக்கு நலம் பயக்கும் ஏற்பாடு ஏறுபவருக்கும் நலமாகவே முடியும் என்பதை நேயர்கள் காண்பார்கள்.

குதிரை ஏன் விரைவில் சூடேறுகிறது?

ஓடும் குதிரையின் தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. எஞ்சிய முக்கால் பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. மனிதனுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் மனிதனிடம் இல்லாத ஒரு சங்கடம் குதிரைக்கு உண்டு. அதன் உடற்பருமனுக்குத் தோலின் பரப்பு போதாது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, ஒரு சதுர மீட்டர் தோலுக்கு ஏறத்தாழ 40 கிலோ உடல் என்று கணக்காகும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கோ ஒரு சதுர மீட்டர் தோலுக்கு 100 கிலோ! கல்யாண வீட்டு அண்டாவில் கொதித்த நீர் ஆறுவதற்கும், கிண்ணத்தில் ஊற்றிய பால் ஆறுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. அண்டா மெல்லத்தான் ஆறும். ஆகவே, அதே வெயிலில், சேணத்தில் இருப்பவர் தமக்கு ஒன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கீழே இருக்கும் பிராணி அபாயத்தை நெருங்கிவிடக்கூடும்.

இக்குறையை ஈடு செய்யவே இயற்கை குதிரைக்கு அபாரமான வியர்வையை அளித்திருக்கிறது. கடும் வெயிலில் கடுமையாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்வை சிந்தும். அவ்வியர்வையில் சோப்புப்போல் நுரைக்கும் ஒரு புரதம் கலந்திருக்கிறது. ரோமம் அடர்ந்த தோலில் நீர் முத்து முத்தாக நின்றுவிடாமல், ரோமத்தின் நுனிவரை பரவி விரைவில் உலர அது உதவுகிறது. குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் நாம் காணும் வெண்ணுரை இதுவே. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வையால் நீரும் உப்பும் வீணாவதன்றிக் குளிர்ச்சி இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் இருத்திக்கொண்டால், மேலே சொல்லப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

தமிழகத்துக்கு இது புதிய பாடமன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்துக் கடல்வழியே வரவழைத்ததை எழுதியிருக்கிறார். ஆண்டின் முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும், குதிரையைப் பேணும் முறையும் குதிரை மருத்துவரும் இங்கு இல்லாததே காரணம் என்றும் அவர் குறித்துள்ளார். குதிரைகளை விற்ற வணிகர்கள், மீண்டும் மீண்டும் வியாபாரம் நடக்க வேண்டும் என்று மருத்துவரை வரவிடாமலே தடுத்தார்களாம்! பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். பேணும் அறிவை உடன் வாங்காவிட்டால் பொன்னும் போகும், குதிரையும் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வறண்ட வெயிலும் புழுக்கமும்

தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு வெயில் புதியதன்று. கத்திரி வெயிலில் வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் சென்னை வெயிலும் தில்லி வெயிலும் ஒன்றல்ல. சென்னையில் வெப்பமானி 36, 37 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே உடல் பிசுபிசுத்து மூச்சு முட்டுகிறது. தில்லியில் 42 டிகிரி காட்டும் நாளில் சட்டை நனைவதே இல்லை. உதடு மட்டும் வெடிக்கிறது. முன்னதில் காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருப்பதால் வியர்வை உலர இடமில்லை. பின்னதில் காற்று வறண்டு கிடப்பதால் வியர்வை தோன்றும்போதே மறைந்துவிடுகிறது.

குதிரை வளர்ப்போர் இதனைக் கணக்கிட ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். அன்றைய வெப்பத்தைப் பாரன்ஹீட் அளவில் எடுத்துக்கொண்டு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எவ்வளவு என்ற எண்ணை அதனோடு கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 130க்குக் கீழ் இருந்தால் குதிரை தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். 130 முதல் 150 வரை வியர்த்துச் சமாளிக்கும். 150க்கு மேல் போனால், அதிலும் பாதிக்கு மேல் ஈரப்பதத்தால் வந்த எண்ணானால், மிக்க எச்சரிக்கை வேண்டும். 180ஐத் தாண்டினால் சேணத்தை எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

எடுத்துக்காட்டாக, தில்லியில் மே மாத விடியற்காலையில் 82 டிகிரி பாரன்ஹீட்டும் நூற்றுக்கு 45 ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் 127; தாராளமாக ஏறலாம். ஆகஸ்டு மாதத்தில் மழை விட்ட ஒரு பகலில் 93 டிகிரியும் 75 ஈரப்பதமும் இருந்தால் 168! மே மாதத்தைவிட வெப்பமானி இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் குதிரைக்கு அபாயம் ஏறியிருக்கிறது. "லூ அடங்கிவிட்டது, மழையும் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று பலர் எண்ணுவது தவறு என்பது இக்கணக்கால் விளங்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் அன்பர்கள் இப்புழுக்கத்தையே ஆண்டில் பல மாதம் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. 113 டிகிரியும் 15 ஈரப்பதமும் கூடினால் 128தான் வருகிறது. கணக்கின்படி ஏறலாம் போலத் தோன்றும். ஆனால் 113 டிகிரி பாரன்ஹீட் என்பது 45 டிகிரி செல்சியஸ். குதிரையின் உடல் வெப்பமோ 38 டிகிரி அளவில் நிற்பது. காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும்போது, வெப்பம் உடலிலிருந்து வெளியேறுவதற்குப் பதிலாக வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது. அத்தகைய லூக் காற்றில் குதிரை தன் நீர் முழுவதையும் வியர்வையாகச் செலவிட்டே உயிர் தரிக்க வேண்டும். ஆகவே புழுக்கத்துக்குக் கூட்டல் கணக்கு. வறண்ட வெயிலுக்கு வெப்பமானி. இரண்டில் எது தடுத்தாலும் நிற்க வேண்டும்.

சட்டம் சொல்வதும் இதுவே

பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பெற்றது. அதன்கீழ், வண்டி இழுக்கும் பிராணிகளுக்கும் பொதி சுமக்கும் பிராணிகளுக்கும் 1965இல் விதிகள் வகுக்கப்பட்டன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்கு மேற்படும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றிடம் வேலை வாங்கலாகாது. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்பன அவ்விதிகள். அவை வண்டியையும் பொதியையும் கருதி எழுதப்பட்டவை. எனினும் பிழைப்புக்காக வண்டி இழுக்கும் குதிரைக்கே இவ்வளவு இரக்கம் காட்டப்படும்போது, நம் பொழுதுபோக்குக்காக முதுகைக் கொடுக்கும் குதிரைக்கு அதனினும் குறைவாகக் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

எப்போது ஏறலாம்?

வெயில் உச்சியில் இருப்பது நண்பகல் 12 மணிக்கு என்றாலும், காற்றின் சூடு மிகுவது பிற்பகல் 3, 4 மணிக்குத்தான். மாலை 6 மணிக்கும் தில்லித் தரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று வந்து மாலையைக் குளிர்விப்பது சென்னைக்கு வாய்த்த பேறு; அது இங்கு இல்லை. ஆதலால் மாலைச் சவாரியைவிட விடியற்காலைச் சவாரியே சிறந்தது. மே, ஜூன் மாதங்களில் 5 மணிக்குத் தொடங்கி, 7 மணிக்குள் குதிரை லாயத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

வெப்பத்துக்குப் பழகுவதற்குக் குதிரைக்கும் மனிதனுக்கும் இரண்டு அல்லது மூன்று வாரம் தேவைப்படுகிறது. மலைப்பிரதேசத்திலிருந்து இறக்கிய குதிரையையோ, நெடுநாள் ஓய்வில் இருந்த குதிரையையோ வந்த மறுநாளே ஓட்டலாகாது. ராஜஸ்தானத்து மார்வாரி, சௌராஷ்டிரத்துக் கத்தியவாரி ஆகிய குதிரைகள் மெல்லிய தோலும் நீண்ட கால்களும் உடையவை. பாலைவன வெயிலில் வழிவழியாக வளர்ந்தவை. ஸ்பித்தியிலும் ஜான்ஸ்காரிலும் பிறந்த மட்டக்குதிரைகளோ குளிருக்கென்றே அடர்ந்த ரோமம் பெற்றவை. கொழுத்த குதிரை, வயதான குதிரை, மூச்சு நோயுள்ள குதிரை ஆகியவை பிறவற்றுக்கு முன்னரே தளரும். சில குதிரைகளுக்குப் புழுக்கமான தேசங்களில் வியர்ப்பதே நின்றுபோகும். குளிர்நாடுகளிலிருந்து வந்த பந்தயக் குதிரைகளிடமும் போலோ குதிரைகளிடமும் இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டது. மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க, ஒன்று மட்டும் உலர்ந்த தோலோடு மூச்சு வாங்கினால், அது பலசாலி என்று மெச்சிக்கொள்ளலாகாது, அதுவே நோயாளி.

சென்னைப் பந்தயக் குதிரைகள் குளிர்காலத்தில் கிண்டியிலும், கோடையில் உதகையிலும் ஓடுவது நெடுநாளைய வழக்கமாக இருந்தது. உதகைத் திடலை 2024இல் அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆயினும் கோடை வந்தால் குதிரையை மலைக்கு ஏற்று என்ற அந்த ஏற்பாட்டிலுள்ள விவேகம் நம் கவனத்துக்கு உரியது. மலைக்கு ஏற்ற வசதியில்லாத நாம், குறைந்தபட்சம் விடியற்காலைக்கேனும் ஏற்றலாம்.

ஏறும் முறை

கோடைச் சவாரி அரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். முதல் 10 நிமிஷமும் கடைசி 10 நிமிஷமும் வெறும் நடைதான். இடையே சிறிது தொங்கோட்டம். அதையும் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க விட வேண்டும். நாலுகால் பாய்ச்சலைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. மரநிழலான பாதையும், காற்று வீசும் திறந்த இடமும் கிடைத்தால் உத்தமம். நாற்புறமும் சுவர் எழுப்பிய திடலில் காற்று தேங்கி நிற்கும். சேணத்துக்கு அடியில் கனத்த கம்பளத்துக்குப் பதிலாக மெல்லிய பருத்தி விரிப்புப் போதும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான அளவு. கோடையில் அதற்கும் குறைவாக இருப்பதே நன்று.

தானியத் தீனி கொடுத்த உடனே ஏறலாகாது. கொள்ளோ, கடலையோ, பார்லியோ எதுவாயினும் சவாரி முடிந்து உடல் ஆறிய பின்னரே வைக்க வேண்டும். தண்ணீர் மட்டும் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கே நாளொன்றுக்கு 25, 30 லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் உழைக்கும் குதிரைக்கு அது இரு மடங்காகும்.

இறங்கிய பிறகு

இங்கேதான் பழைய நம்பிக்கைகள் நம்மைத் தடுமாறச் செய்கின்றன. "சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் குடித்தால் வயிற்றுவலி வரும்" என்று பல சயீஸ்கள் இன்றும் சொல்லுகிறார்கள். அவர்கள் அன்போடு சொல்லுவதே இது. ஆனால் ஆராய்ச்சி வேறு விதமாகத் தீர்ப்பளித்துவிட்டது. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் வெயிலால் குதிரைகள் பட்ட துன்பத்தைக் கண்ட பின்னர், புழுக்கம் மிகுந்த அட்லாண்டாவில் 1996இல் நடக்கவிருந்த போட்டிக்காக அறிஞர்கள் விரிவான சோதனைகள் நடத்தினார்கள். சூடேறிய குதிரைமேல் குளிர்ந்த நீரை விடாது ஊற்றுவதால் தீங்கில்லை. அதுவே விரைவான வைத்தியம் என்று அச்சோதனைகளில் தெளிந்தது. அட்லாண்டாவில் ஓட்டத்தின் தூரம் குறைக்கப்பட்டது. இடையில் ஓய்வுகள் கூட்டப்பட்டன. நீர்த்திவலை தூவும் விசிறிகள் வைக்கப்பட்டன. 2021இல் டோக்கியோவில் குதிரைப் போட்டிகளைக் காலையிலும் இரவு விளக்கொளியிலுமே நடத்தினார்கள். பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா நம் நாட்டின் சார்பில் கலந்துகொண்டு 23ஆவது இடம் பெற்றது அப்போட்டியில்தான். உலகின் தலைசிறந்த வீரர்களும் குதிரைகளும் வெயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, நாம் ஒதுங்குவதில் வெட்கம் என்ன?

ஆகவே இறங்கியவுடன் செய்ய வேண்டுவன இவை: வயிற்று வாரைத் தளர்த்திச் சேணத்தை எடுத்துவிட வேண்டும். நிழலில் நிறுத்தி, கழுத்து, தோள், விலா, பின்தொடை என்று உடல் முழுவதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிய நீர் தோலின் சூட்டை வாங்கிக்கொண்டு வெதுவெதுப்பாகிவிடும். உடனே அடுத்த வாளி. ஒன்றிரண்டு வாளியோடு நிறுத்துவதில் பயனில்லை. ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடலாகாது. அது சிறிது நேரத்தில் போர்வைபோலச் சூட்டை அடைத்துக்கொள்ளும். இடையிடையே சில அடி நடத்தி, காற்றுப் படும்படி செய்து, குடிக்கத் தண்ணீர் காட்ட வேண்டும்.

உப்பையும் மறக்கலாகாது. குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்பு மிகுந்தது; ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்புச் சத்து வெளியேறுகிறது. நீரும் உப்பும் ஒருங்கே போய்விடுவதால் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுவதில்லை. ஆகவே குதிரைக்குத் தாகமே தோன்றுவதில்லை. வற்றிய உடலோடு தண்ணீர்த் தொட்டியருகே நின்றும் குடிக்காமல் இருக்கும் குதிரையின் இரகசியம் இதுதான். தீனியில் சமையல் உப்பை ஓரிரண்டு தேக்கரண்டி கலந்து வைத்தால் தாகம் தானே பிறக்கும். ஆனால் தண்ணீர் தாராளமாக இல்லாத இடத்தில் உப்பு மட்டும் கொடுப்பது தீங்கு.

அபாயக் குறிகள்

ஓய்வில் உள்ள குதிரையின் மூச்சு நிமிஷத்துக்கு 8 முதல் 16 வரை. நாடி 28 முதல் 44 வரை. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை. சவாரிக்குப் பிறகு இவை ஏறுவது இயல்பு. நின்று 20, 30 நிமிஷத்தில் நன்றாக இறங்க வேண்டும். இறங்காமல் நாசி விரிந்து விலா அடித்துக்கொண்டே இருந்தாலும், வியர்வை திடீரென நின்றாலும், நடை தள்ளாடினாலும், தீனியைத் திரும்பிப் பாராவிட்டாலும், ஆசனவாயில் வைத்த வெப்பமானி 40 டிகிரிக்கு மேல் காட்டி இறங்க மறுத்தாலும், உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தலாகாது.

வீட்டுப் பிள்ளைகளும் செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. தோள்பக்கத்துத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிந்துவிட வேண்டும்; மடிப்பு நின்றால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. ஈற்றை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். இச்சோதனைகளைச் சயீஸின் துணையோடு செய்து பழகும் குழந்தை, சேணத்தில் உட்காரக் கற்பதைவிடப் பெரிய வித்தையைக் கற்றுக்கொள்கிறது என்போம்.

ஏறுபவருக்கு

முழுக்கைப் பருத்திச் சட்டை, நீண்ட காற்சட்டை, குதியுள்ள காலணி, காற்றுத் துளைகளுள்ள தலைக்கவசம் ஆகியவை வேண்டும். வியர்க்கிறது என்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு எந்த வெயிலும் காரணமாகாது. புறப்படுமுன் ஒரு தம்ளர் நீர்மோர். திரும்பியதும் எலுமிச்சை பிழிந்து உப்பிட்ட நீரோ பானகமோ. நம் பாட்டிமார் இராமநவமிக்கு வழங்கிய பானகமும் நீர்மோரும் இவ்வடநாட்டு வெயிலுக்கும் ஏற்றவை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று குழந்தை சொன்னால் அன்றைய சவாரி அத்துடன் முடிந்தது.

ஏறாத நாளும் பாட நாளே

சென்ற கோடையில் ஒரு பயிற்சித் திடலில் நாம் கண்ட காட்சி மனத்தை உறுத்தியது. காலை 9 மணி, வெயில் கொளுத்தியது. ஆசிரியர், "குதிரை களைத்துவிட்டது, இன்று போதும்" என்றார். பெற்றோர் சிலர் விடவில்லை. "மாதக் கட்டணம் முழுவதும் வாங்கியிருக்கிறீர்களே! என் பையனுடைய முறை வரவில்லையே!" என்று வாதாடினார்கள். ஆசிரியர் பணிந்துவிட்டார். தலை தொங்கிய அக்குதிரை மேலும் மூன்று குழந்தைகளைச் சுமந்தது.

அங்குக் குழந்தைகள் கற்ற பாடம் என்ன? பணம் கொடுத்தவனுக்குப் பிராணியின் களைப்பு ஒரு பொருட்டன்று என்பதே. இப்பாடத்துக்காகவா நாம் அதிகாலையில் எழுந்து அவர்களை அழைத்துச் செல்கிறோம்? ஏற இயலாத நாளிலும் கற்க வேண்டியது ஏராளமாக உண்டு. குளம்பைத் தூக்கிக் கல் எடுப்பது, பிடரியைச் சீவுவது, சேணத்தை எண்ணெயிட்டுத் துடைப்பது, கடிவாளம் பூட்டுவது, வாளியில் எத்தனை லிட்டர் குடித்தது என்று குறித்து வைப்பது ஆகிய யாவும் குதிரையேற்றத்தின் பகுதிகளே. "இன்று குதிரை ஏற வேண்டாம்" என்று ஆசிரியர் சொல்லும் நாளில் அவரைப் பாராட்டும் பெற்றோராக நாம் இருக்க வேண்டும்.

மலையூர்களிலும் திருமணங்களிலும்

கோடையில் முசோரி, நைனிதால், மாதேரான் முதலிய இடங்களுக்குப் போகும் நம் குடும்பங்கள் அங்கு மட்டக்குதிரை ஏறாமல் திரும்புவதில்லை. மோட்டார் கார்களுக்கு இடமில்லாத மாதேரானில் குதிரையும் ஒரு வாகனம். மலையில் காற்றுக் குளிர்ந்திருப்பதால் குதிரைக்குச் சூடு இராது என்று எண்ணிவிடுகிறோம். மேட்டில் ஏறும் உழைப்பும் உச்சி வெயிலும் அதைச் சூடேற்றிவிடும். அமர்த்துமுன் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும்: முதுகில் புண் உண்டா? விலா எலும்பு துருத்தி நிற்கிறதா? நொண்டுகிறதா? 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு, சேணத்தோடு சேர்த்து 50 கிலோ என்பதே முன்சொன்ன கணக்கின்படி ஏற்றது. கனத்த சரீரமுடைய பெரியவர்கள் நடந்து வருவதே இருவருக்கும் ஆரோக்கியம்!

குதிரைக்காரரின் நிலையையும் நினைக்க வேண்டும். இரண்டு மாதச் சுற்றுலாப் பருவத்தில் ஈட்டுவதைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பத்தையும் குதிரையையும் காக்க வேண்டியவர் அவர். ஓய்வு கொடுத்தால் அவருக்கு நஷ்டம். ஆதலால், "சிறிது நேரம் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், அந்த நேரத்துக்கும் கூலி தருகிறோம்" என்று சொல்லுவதே முறை. இரக்கத்தை நாம் அனுபவித்துக்கொண்டு, அதன் செலவை ஏழையின் தலையில் சுமத்துவது அறமாகாது.

இக்காலத்தில் நம் பிள்ளைகள் வடநாட்டுக் குடும்பங்களில் சம்பந்தம் செய்வது அதிகரித்துவிட்டது. மாப்பிள்ளை குதிரைமேல் வருவது அவர்கள் வழக்கம். மே, ஜூன் முகூர்த்தமானால், குதிரையைச் சூரியன் சாய்ந்த பிறகே வரவழைக்க வேண்டும். வாத்தியமும் விளக்கும் சூழ மணிக்கணக்கில் தெருவில் நிற்க வைக்காமல், கடைசிச் சில நூறு அடிக்கு மட்டும் ஏறி வந்தால் சடங்கும் நிறைவேறும். சம்பந்திகளிடம் இதமாகச் சொன்னால் மறுப்பவர் சிலரே.

பார்த்தசாரதி காட்டிய வழி

தில்லிக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் குருட்சேத்திரம் இருக்கிறது. நம்மில் பலர் போய் வந்திருப்போம். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை முடிப்பேன் என்று அருச்சுனன் சபதம் செய்த நாளின் கதை அனைவரும் அறிந்தது. அக்கதையின் நடுவே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. ஒவ்வொரு நொடியும் விலைமதிப்பற்ற அந்த நாளில், பாதி வழியில் குதிரைகள் அம்பு பட்டும் தாகத்தாலும் தளர்ந்துவிட்டன. கண்ணன் தேரை நிறுத்திக் குதிரைகளை அவிழ்த்துவிட்டான். அருச்சுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்துக்கொண்டே, அம்பினால் நீரூற்றை வருவித்து, அம்புகளாலேயே நிழற்கூடமும் அமைத்துக் கொடுத்தான். கண்ணன் தன் கையாலேயே குதிரைகளின் உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, புரளவிட்டு, நீராட்டி, நீரும் புல்லும் ஊட்டி, அவை தெளிந்த பிறகே மீண்டும் பூட்டினான்.

திருவல்லிக்கேணியில் நாம் கைகூப்பி வணங்கும் பார்த்தசாரதி செய்த காரியம் இது. உயிர் போகும் சபதத்தைக் காட்டிலும் நம் அரை மணி நேரச் சவாரி அவசரமானதா? நிழல், நீர், ஓய்வு என்ற மூன்றும் கிடைக்குமானால் கோடையிலும் விடியற்காலையில் குதிரை ஏறலாம். நம் குழந்தைகள் மகிழ்ச்சியோடு கற்கலாம். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அன்று சேணம் லாயத்துச் சுவரிலேயே தொங்கட்டும்.